செக்கரக்கா வெட்டிய மூலை

செக்கரக்காவின் கட்டைவிரலை ஏமாற்றிய தையல் இதுவரை பிறக்கவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கடைசி மேசையில் செக்கராக, துணி சரிபார்ப்பவளாக நின்றவள்; பெயரும் அப்படி வந்ததுதான். தைத்து முடித்த சட்டை அவள் கைக்கு வரும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அதை விரித்து, தோளிலிருந்து விளிம்பு வரை விரலால் ஒரே இழுப்பு. தையல் விட்டிருந்தாலோ, துணி சுருங்கியிருந்தாலோ, சாயம் விரலில் ஒட்டினாலோ, கழுத்தில் நாடாவில் தொங்கும் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு மூலையை நறுக்கென்று வெட்டிவிடுவாள். மூலை வெட்டியது கழிவு. எவனும் அதை நல்ல துணியோடு சேர்த்துப் பெட்டிக்குள் திணித்துவிட முடியாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரைத் தடவிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். வேன் ஓட்டி முதுகு போன அவள் புருஷன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "பொண்ணு பாக்கப் போனப்ப என்னையும் இப்படித்தான் மேலயும் கீழயும் பாத்தா. எந்த மூலையை வெட்டறதுன்னு தெரியாம விட்டுட்டா."

ஒரு திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. இதைவிட மலிவாகத் தைக்க வேறெங்கோ ஆள் கிடைத்துவிட்டதாம். நானூறு பெண்கள் வாசலில் நின்றார்கள். முதலாளி வரவில்லை, தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.

அப்புறம்தான் ஆரம்பித்தது அந்தக் கூத்து. "வேலை இல்லாதவர்களுக்கு இந்த நாடு என்ன செய்தது?" என்று ஒரு தலைவர் கேட்டார். "வேலை இல்லாதவர்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?" என்று இன்னொரு தலைவர் திருப்பிக் கேட்டார். அதோடு விட்டாரா? "வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று ஒரு கொள்ளியையும் செருகினார். ஆறு மாதம் இதே சண்டை. இரண்டு பேருக்கும் வாய் வலிக்கவில்லை, வயிறும் காயவில்லை. கடைசியில் கைகோர்த்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வேலையும் ஆச்சு, நாட்டுப்பற்றும் ஆச்சு என்று, வேலையில்லாதவர்களை உட்காரவைத்துத் தேசியக் கொடி தைக்கச் சொன்னார்கள். நாட்டு நாளன்று வீட்டுக்கு வீடு அதைக் கட்ட வேண்டும். தேசப்பணித் திட்டம் என்று பெயர். எந்த மகராசன் மண்டையில் உதித்ததோ, அவன் ஜென்மத்தில் ஊசி பிடித்திருக்க மாட்டான்.

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். தினப்படி கைக்கும் வாய்க்கும் எட்டாது. ஆனால் அட்டைக்காரர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. செக்கரக்காவின் மகள் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் அக்கா முதல் ஆளாய் ஓடிப்போய்ப் பதிந்தாள்.

மூடிக் கிடந்த சினிமா கொட்டகையில் நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டுத் தையல் மெஷின்களைப் போட்டிருந்தார்கள். எல்லாம் அவர்களுடைய பழைய தொழிற்சாலையிலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்தவை. அக்காவின் மேசைகூட வந்திருந்தது, யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்ட கறுப்புத் தழும்போடு. காலையில் கையில் பட்டை கட்டிக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும்: "நான் சோம்பி இருக்க மாட்டேன். நாட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டேன்." பத்தொன்பது வருடம் நின்று நின்று காலில் நரம்பு முடிச்சு விழுந்தவளைப் போய் இப்படிச் சொல்லவைத்தார்கள்! அக்கா வாயை மட்டும் அசைத்தாள்.

துணி வந்தது. துணியா அது? கொசுவலைக்குத் தங்கச்சி. ஒரு நிறப் பட்டையின் சாயம் அடுத்த பட்டையில் இறங்கியது, விரலிலும் ஒட்டியது. அக்கா சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தம்பி, இது ஒரு மழைக்குத் தாங்காது. என் கையைப் பாருங்க."

"அக்கா, இது என்ன ஏற்றுமதியா? ஒருநாள் பறக்கப் போற கொடி. பேசாம தள்ளிவிடுங்க."

துணி கொடுத்தது மண்ணைப் பற்றிக் கேட்ட அந்தத் தலைவரின் மச்சான் என்பது கொட்டகை முழுக்கத் தெரியும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் தள்ளிவிடத்தான் நினைத்தாள். ஆனால் பத்தொன்பது வருடத்துக் கை சொன்ன பேச்சைக் கேட்குமா? மேசைக்கு வந்துவிட்டால் அவளுக்கு அது வெறும் பீஸ். நல்ல பீஸ், கெட்ட பீஸ், அவ்வளவுதான். தன் கையில் இருப்பது கொடி என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை. விரல் இழுத்தது, சாயம் ஒட்டியது, கத்தரிக்கோல் நறுக் என்றது. மூன்றாம் நாள் கூடையில் மூலை வெட்டிய கொடிகள் நாற்பத்தொன்று கிடந்தன.

உறுதிமொழியைப் படம் பிடிக்க வந்த தலைவரின் ஆள் ஒருவன் அந்தக் கூடையைப் பார்த்தான். சாயந்திரத்துக்குள் அக்காவின் முகம் நாடு முழுக்கப் போய்விட்டது.

தொலைக்காட்சியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? உட்காரவைத்துச் சோறு போட்டால் இப்படித்தான் கொழுப்பு ஏறும் என்றார் ஒருவர். திட்டத்தையே நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாளின் தகப்பனார் எங்கே பிறந்தவர் என்று விசாரிக்க வேண்டும் என்றார். சாயத்துக்கும் தகப்பனுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்கள்!

விசாரித்தும் விட்டார்கள். அக்காவின் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். குடிநீர்க் குழாய் பதிக்க வாலிப வயதில் வந்தவர், இங்கேயே குடும்பம் நடத்தி, தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து இங்கேயே செத்தவர். அந்தக் குழாய்த் தண்ணீரில் தொண்டையை நனைத்துக்கொண்டுதான் ஐந்து பேரும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

"ஏன் வெட்டினேன்னு ஒருத்தனாவது கேக்கறானா பாருங்க! ஒருத்தனாவது!" என்று அக்கா தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். புருஷன் எழுந்துபோய் அதை அணைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "கொடின்னு எனக்குத் தோணவே இல்லைங்க. அது என் தப்புதான். வெட்டாம தனியா எடுத்து வச்சிருக்கணும்."

மறுவாரம் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கு வந்து மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அட்டை ரத்து. அட்டை போனால் மகளின் படிப்பும் போகும்.

"போட்டுடும்மா," என்றாள் மகள். "ஒரே ஒரு கையெழுத்து. எனக்கு இன்னும் எட்டு மாசம்தான். அப்புறம் நீ எவனைத் திட்டினாலும் கூட நின்னு நானும் திட்டறேன்."

"போட்டுடறேன்டி. மானத்தைப் பாத்தா உன் படிப்பு என்னாகறது?" என்றாள் அக்கா. நிஜமாகவே போடுவதாகத்தான் கிளம்பினாள். துணைக்கு வந்த மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரியின் மேசையில் ஒரு குட்டிக் கொடி நின்றது. பக்கத்தில் சூப்பர்வைசர் இடித்தபுளி மாதிரி நின்றுகொண்டிருந்தான். அதிகாரி காகிதத்தை நீட்டி, பேனாவையும் திறந்து கொடுத்தார். படிக்காமல் போடுகிற ஆளா அக்கா? காகிதத்தை மேசையில் விரித்து, வரி வரியாகக் கட்டைவிரலை ஓட்டினாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. 'வேற்று மண்ணிலிருந்து வந்தவரின் மகள் என்பதால் கொடியின் மதிப்பை உணராமலும், இந்நாட்டின் மீதுள்ள வெறுப்பினாலும் நான் இச்செயலைச் செய்தேன்' என்று இருந்தது.

"சார், வெட்டினது நான்தான். அதுக்கு இப்பவே மன்னிப்பு கேக்கறேன். இந்த வரியை மட்டும் எடுத்துடுங்க. எங்கப்பா இந்த ஊருக்குத் தண்ணி கொண்டுவரத் தோண்டின குழியிலயே செத்தாரு. அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"அம்மா, இது மேலிடத்துல இருந்து வந்த படிவம். ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த முடியாது."

"அப்ப துணி மட்டம்னு ஒரு வரி சேருங்க. அதனாலதானே வெட்டினேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "அதைப் பத்தி உங்களை யாரும் கேக்கலையே!"

"ஆமா, கேக்கலைதான்," என்றாள் அக்கா.

பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். வெளியே பெஞ்சில் மகள் இருக்கிறாள், எட்டு மாதம் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. பேனா ஒரு புள்ளி போட்டு நின்றுவிட்டது. செத்துப்போன மனுஷனைத் தோண்டியெடுத்து, அவர் மகள் கையாலேயே அவருக்கு அந்நியன் என்று பட்டம் கட்டச் சொல்கிறார்களே, இவர்களெல்லாம் எந்தக் குழியைத் தோண்டினார்கள்? பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்து நாடாவைப் பிடித்தாள். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. அவளே போகச் சொன்னாள்.

நறுக்.

"இது தேறாது சார்," என்று மூலை வெட்டிய காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நல்லதோட கலந்துடாம தனியா வைங்க."

சூப்பர்வைசர் நாக்கைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

வெளியே மகள் எழுந்து வந்தாள். "போட்டியா?"

"இல்லடி. உன் படிப்புல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்," என்று அக்கா நடந்ததைச் சொன்னாள்.

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே போய் நின்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தாவை அப்படியா எழுதியிருந்தாங்க?"

"ஆமா."

"ஒரு மூலையோட ஏம்மா விட்ட?"

அந்த வாரமே அட்டை ரத்தானது. மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கிளினிக்கில் கட்டுப் போடும் வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் எப்படியாவது முடித்துவிடுவேன் என்கிறாள். கொட்டகையில் அக்காவின் மேசைக்கு வேறு ஆள் வரவில்லை. தைத்ததெல்லாம் அப்படியே வீடுகளுக்குப் போனது.

நாட்டு நாளன்று காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாயம் கோடு கோடாக வழிந்தது. மேடையில் கட்டிய கொடி சொட்டியதில் தலைவரின் வெள்ளைச் சட்டை தோளிலிருந்து தொப்பை வரை நாறிப்போனது. அன்று ராத்திரி அதே ஐந்து பேர் உட்கார்ந்து, இது யாருடைய சதி என்று விவாதித்தார்கள். மூன்றாம் நாள் அரசு ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தது. வேலையில்லாதவர்கள் எல்லாரும் சுவர் கழுவ வேண்டுமாம். பல்லாயிரம் பேருக்கு வேலை என்று இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். தூ!

அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சூப்பர்வைசர்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இருநூறு பேர் பிரஷ்ஷோட நிக்கறாங்க. சோப்பு, சோடா, ஆசிட் எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு. கறை அசையக்கூட மாட்டேங்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இந்தச் சாயம் எதுலக்கா போகும்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எதுலயும் போகாது தம்பி. அதை நிறுத்தற இடம் என் மேசைதான். அங்க நிறுத்தினேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.