ரேமுக்கு வைத்த பொட்டு

நான் பத்தாவது வரை படித்தவள். தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழேதான் கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் அடித்து அச்சகத்துக்குக் கொடுப்பது என் வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, லினக்ஸ் போட்டு, எனக்குத் தந்தவன் வடாலாவில் இருக்கும் என் தம்பி. "வைரஸும் வராது, தொங்கவும் தொங்காதுக்கா" என்றான். அப்படியேதான் ஓடியது.

திரையின் மூலையில் முருகன் சன்னிதி நேரலை. காலையில் திறந்தால் நடை சாத்தும்வரை மூடமாட்டேன். தீபாராதனை மணி கேட்டதும் விரல்கள் எழுத்தை விட்டுவிட்டுக் கும்பிடப் போய்விடும்.

போன ஆயுத பூஜைக்குத் தம்பி வந்து பெட்டியைத் திறந்து துடைத்தான். நான் குங்குமச் சிமிழோடு நின்றேன்.

"ஏக்கா, உள்ள கொட்டிராத, ஷார்ட் ஆயிரும். முருகன் வந்து ரிப்பேர் பண்ண மாட்டாரு!"

"வாய மூடுல. வருசத்துக்கு ஒருநாளு."

சிரித்துக்கொண்டே ரேம் இரண்டையும் கழற்றிக் கையில் தந்தான். அரைச்சாண் நீளப் பச்சைத் தகடுகள். "இது ஒண்ணு நாலு ஜிபி, அது ஒண்ணு நாலு. கம்ப்யூட்டரு கையில எத்தன வேலைய வச்சிருக்க முடியும்ங்கது இதுலதான் இருக்கு" என்றான். அவற்றின் ஸ்டிக்கர் மேல் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூசி தட்டுகிறேன் என்று அவனாகவே வந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று உளுந்த வடை சுட அடுப்புப் பக்கம் போனேன். ஆறு வடை தின்றுவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து பிடித்தது தொல்லை. மவுஸ் நகராது. அடித்த எழுத்து எப்போதோ வந்து விழும். பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்காமல் எரிந்தபடியே இருக்கும். தம்பிக்குப் போன் போட்டேன்.

"என்னல இது, ஒரு வரி அடிச்சுட்டுச் சாயா குடிச்சுட்டு வந்து பாக்க வேண்டியிருக்கு?"

"சாமி வீடியோ ஓடுதாக்கா?"

"ஆமா."

"அதான். மெமரி பூராத்தையும் அதுவே தின்னுது. சாமிய மூடு, சரியாயிரும்."

சாமியை மூடு என்று ஒருவன் சொல்ல, நானும் மூடினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிழைப்புக்காகத்தான் அப்பா, பொறுத்துக்கொள் என்று சொல்லி மூடினேன். கொஞ்ச நாள் பரவாயில்லாமல் இருந்தது. பிறகு பழையபடிதான். ஒருநாள் பெண்வீட்டார் பெயர்கள் பாதி அடித்திருக்கும்போது எழுத்துப் பக்கம் மொத்தமாக மறைந்தே போனது. முருகனை மூடியதற்குத் தண்டனை என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை விரதத்தின் ஒருவேளைச் சாப்பாட்டையும் விட்டுத் தண்ணீரோடு இருந்தேன்.

அப்புறமும் சரியாகவில்லை என்றுதான் மாட்டுங்காவிலிருந்து ஒரு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். மராட்டிக்காரர். பெட்டியைத் திறந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்து, இந்தக் குங்குமம் யார் வைத்தது என்று இந்தியில் கேட்டார்.

"பாபி, யே குங்கும் கிஸ்னே லகாயா?"

நான்தான் வைத்தேன், இரண்டுக்கும், என்றேன்.

"தோ? ஏக் ஹி ஹை."

ஒன்றுதான் இருந்தது. பக்கத்து இடம் காலி.

திரையில் மெமரி கணக்கைத் திறந்து காட்டினார். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஜிபிகூட முழுதாக இல்லை. நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், வேண்டும்போது போய் எடுத்து வரும், அந்த அலைச்சலில்தான் இழுக்கிறது என்றார். அதற்கும் இடமில்லாவிட்டால் ஏதாவது ஒரு புரோகிராமைத் தானே கொன்றுவிடுமாம். என் எழுத்துப் பக்கம் போன வழி அது. முருகன் ஒன்றும் செய்யவில்லை.

அன்று சாயங்காலமே வடாலா போனேன். தம்பி வீட்டில் வெக்கைக்காகக் கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். உள்ளே என் பொட்டு.

தம்பி பின்னால் வந்து நின்றான். "பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸு தொங்கிக்கிட்டே கெடந்துச்சுக்கா. நீ சும்மா டைப்புதான அடிக்க, ஒண்ணு போதும்னு..."

"கேட்டா நானே கழட்டித் தந்திருப்பனேல."

"இப்பவே மாட்டித் தாரேன்" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான்.

"வேண்டாம். பிள்ள படிக்கட்டும். எடுத்தது நீன்னு தெரிஞ்சுக்கிட்டே சாமி மேல எதுக்குல பழி போட்ட?"

அவன் பெட்டியின் பக்க மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினான். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

மெமரிக்குள்ளேயே சரக்கைச் சுருக்கி அடுக்கும் ஒரு ஏற்பாட்டை ரிப்பேர்காரர் போட்டுத் தந்திருந்தார். இப்போது ஓரளவு ஓடுகிறது. இழுத்தால் மற்றதையெல்லாம் மூடுகிறேன், நேரலையை மூடுவதில்லை. தம்பி போனில் "எப்படிக்கா ஓடுது?" என்பான். "ஓடுது" என்று வைத்துவிடுவேன்.

தீபாராதனையின்போது வீட்டு ஆட்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக் கும்பிடுவது என் வழக்கம். முதல் பெயர் தம்பியுடையதாகத்தான் இருந்தது. இப்போது எல்லோரையும் சொல்லி முடித்த பிறகு அவன் பெயரிடம் வந்து நாக்கு நிற்கிறது. சில நாள் சொல்லிவிடுகிறேன். சில நாள் அதற்குள் திரையில் தீபத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விடுகிறார்கள்.