தனகோட்டி அக்காவும் கறிவண்டியும்

கடையின் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றி, வாடிக்கையாளர் உட்காரும் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. என்னோடு வேலை பார்க்கும் தனகோட்டி அக்காவின் எண். 'வர லேட்டாகும், மேனேஜரைச் சமாளி' என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன். ஓர் ஆண்குரல் குழறலாக, இழுத்து இழுத்து ஏதோ சொன்னது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருங்க? இன்னா சொல்றீங்க? புரியலீங்களே" என்றேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மல்லிகா... மாமா பேசறேம்மா. உங்க அக்கா... போய்ட்டா."

விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வார்த்தையை அந்த மனிதரை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேனே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் வாயால் அதைச் சொல்ல முடிந்ததே அக்காவின் வேலைதான். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போளூரிலிருந்தும் தேசூரிலிருந்தும் தெள்ளாரிலிருந்தும் கல்யாணப் பட்டு எடுக்க எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். உயரமான, பல் கொஞ்சம் முன்னால் வந்த, வாய் ஓயாத அம்மாள். தெள்ளாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. அம்மாக்காரி அரக்குப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு இதுதான் என்று முடிவே செய்துவிட்டாள். கல்யாணப்பெண்ணும் சரி சரி என்று தலையாட்டினாள். அக்கா என் காதில், "வாய் அரக்குன்னுது. கை பச்சையத் தடவிகினே கீது பாரு" என்றாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி பச்சையை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, அம்மாக்காரியிடம், "நீங்களே சொல்லுங்கம்மா, எது உங்க பொண்ணுக்கு எடுப்பா இருக்குதுன்னு" என்றாள். அந்த அம்மாளே பச்சைதான் என்று சொன்னாள். இன்றுவரை அது தன் தேர்வு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

கடையில் நீங்கள் பார்த்தது பாதி அக்காவைத்தான். மீதி அக்கா வீட்டில் இருந்தாள், அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம் மாமாவோடு.

மாமா சாயங்காலங்களில் மார்க்கெட் முனையில் கறிவண்டி போட்டவர். மசாலா தடவிய கறியைக் கம்பியில் கோத்து, கரி நெருப்பில் வாட்டித் தருவார். வண்டி அவருடைய அப்பா காலத்தது. தேக்குச் சட்டம், ஆரக்கால் வைத்த மரச்சக்கரம், அதன்மேல் கனத்த இரும்பில் அடித்த கரிப்பெட்டி. நான் கறி சாப்பிடாதவள். அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஆனால் காதைப் பொத்த முடியாது. "சுடச்சுட! சுடச்சுட! வாங்க நைனா!" என்று அவர் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிய குரல்.

அந்தக் குரல்தான் போயிற்று. பக்கவாதம் வந்து வலதுபக்கம் இழுத்துக்கொண்டது. கால் ஒருவாறு தேறியது. நாக்கு மட்டும் தடித்துக் குழறியது. பேசப் பேசச் சரியாகும், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமாவும் முயன்றார். ஒருநாள் டீக்கடையில் ஒரு டீ கேட்டிருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த மாஸ்டர், "காலைலயே குடிச்சிட்டு வந்து பேஜார் பண்ணாத, போ அந்தாண்ட" என்று விரட்டிவிட்டான். ஊரையே குரலால் இழுத்த மனிதர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைக் காட்டுவார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், சாமிக்கு வேண்டிக்கொண்டாள். எதுவும் நடக்கவில்லை. "அவருக்கு நாக்கு போவலடி மல்லி. வெக்கம் வந்து குந்திகினு கீது" என்று என்னிடம் சொன்னாள்.

வண்டி கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்து கிடந்தது. கரிப்பெட்டி துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. சட்டத்தின் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை முன்வாசலுக்கு, மாமா உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே இழுத்துவந்து போட்டாள். எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "எதுக்குக்கா இந்தப் பாடு? ஸ்டீல்ல புது வண்டியே கெடைக்குது, வாங்கிட்டுப் போயேன்" என்றேன். அக்கா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "ஸ்டீல் வண்டி மேல அவருக்கு இன்னாடி பாசம்? இது அவங்க அப்பா வண்டி. நான் இத்த தப்புத்தப்பா ரிப்பேர் பண்ணா அவருக்குப் பொறுக்குமா? திட்டுவாரு. திட்டணும். கோவம் வந்தா வெக்கம் ஓடிப்பூடும்" என்றாள்.

தப்பாகச் செய்வது ஒருபுறம் இருக்கட்டும். முதலில் துருவை எடுக்க வேண்டுமே. வேலை முடிந்து போய்த் தினமும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். புளியைக் கரைத்துப் பூசி ஊறவைத்து மறுபடி தேய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து கருப்பு இரும்பு தெரிந்தது. கரையான் தின்ற சட்டத்தை ஆசாரி மாற்றிக் கொடுத்தார். அக்காவின் கைதான் கெட்டுப்போனது. விரல் நுனியெல்லாம் காய்த்து வெடித்துச் சொரசொரவென்று ஆகிவிட்டது.

பட்டுக்கடையில் வேலை செய்பவளுக்கு அந்தக் கை ஆகாது. ஒருநாள் சந்தன நிறப் புடவையைப் பிரிக்கும்போது அவள் விரல் பட்டு ஓர் இழை இழுத்துக்கொண்டது. நெசவுக் குடும்பத்துப் பெண் என்பதால் அங்கேயே அதை நீவிச் சரிசெய்துவிட்டாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். அன்றிலிருந்து நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் புடவையைப் பிரித்துக் காட்டுவேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பேசுவாள். எனக்கு அந்நியரிடம் பேச்சு வராது, அவளுக்குக் கை உதவாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் வேலை பார்த்தோம், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குள் தப்புகள் ஆரம்பித்தன. சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினாள். மாமா பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறி வாட்டும் கம்பித்தட்டைத் தலைகீழாக வைத்தாள். மாமாவின் தாடை இறுகியது. அவ்வளவுதான். ராட்சசி, விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா சில்வர் பெயிண்ட் வாங்கிவந்து, கரிப்பெட்டியின் வெளியே மட்டும் அல்லாமல் உள்ளேயும், நெருப்பு இருக்கும் இடத்திலும், பளபளவென்று அடித்து வைத்தாள்.

பெயிண்ட் காய்ந்த மறுநாள் காலை நானும் போயிருந்தேன். அக்கா வீடு நெசவாளர் தெருவில். காலையில் தறிக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டியிருக்கும்வரை அங்கே யாரும் தீப்பெட்டியைத் தொடக்கூடாது. பட்டு இழைமேல் ஒரு பொறி விழுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. அதனால் பாவைச் சுருட்டும்வரை அக்கா காத்திருந்தாள். சுருட்டியவர்கள் பாவுக் கோல்களைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். அக்கா பெட்டி நிறையக் கரியைக் கொட்டி, கம்பித்தட்டில் மசாலா தடவிய கறியை அடுக்கி, தீக்குச்சியைக் கையில் எடுத்தாள்.

மாமா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு வந்து, அக்கா கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டார். "அறிவு... இருக்குதா உனக்கு?" தெருவே கேட்டது. "உள்ள... பெயிண்ட்... அடிப்பாங்களா? கறி... விஷம்... ஆவாது?"

எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அக்காவோ கல் மாதிரி நின்றாள். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னாய்யா சொன்ன? புரியலியே. இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

மாமாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மறுபடி முழுசாகச் சொன்னார். முதல் தடவையைவிடத் தெளிவாக வந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்குப் புரிஞ்சிதாடி?" என்றாள். நானும் புரிந்துகொண்டு, இல்லை என்று தலையாட்டினேன். மூன்றாம் தடவையும் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் தான் பேசுவது அவருக்கே தெரிந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பெயிண்டை முழுக்கச் சுரண்ட வைத்தார் மாமா. வெறும் கரியைப் போட்டு எரித்து, ஆறவைத்து, எண்ணெய் தடவி, மறுபடி சூடேற்றி என்று ஒவ்வொன்றையும் தானே சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தார். சக்கரத்தையும் சரியாக மாட்டச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "புரியல" என்றாள். வண்டி மார்க்கெட் முனைக்குத் திரும்பியபோது சிலர் மாமா பேச்சு விளங்காமல் அக்காவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் வெங்காயம் நறுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருப்பாள். "அவரையே கேளுங்க, எனக்கு இன்னா தெரியும்" என்பாள். ஜனங்களும் காது கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

அவள் போய்விட்டாள். அதன்பிறகு நான் வேலைக்குப் போன முதல் நாள் கடையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. நான் பழக்கத்தில் புடவையைப் பிரித்துவிட்டு, பேச்சு வரும் என்று பக்கத்தில் பார்த்தேன். யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நானே பேசினேன். தட்டுத்தடுமாறித்தான் பேசினேன். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் மார்க்கெட் முனைக்குப் போனேன். மாமா தனியாக வண்டி போட்டிருந்தார். கரி கனன்றுகொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கும் பலகை காலியாக இருந்தது. கூப்பிடும் குரல் இல்லை. என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, மெல்ல, வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். "அவ இல்லாம... பேசறதுக்கு... ஆள் இல்லம்மா."

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்துவிட்டேன். அக்கா எனக்கு நகை விட்டுப்போகவில்லை, புடவை விட்டுப்போகவில்லை. அவளுடைய ஒரே ஒரு பொய்தான் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்தேன். பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியையும் ஒரு வெங்காயத்தையும் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன். "இன்னா மாமா சொன்னீங்க? புரியலியே. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மாமா என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். "உனக்கும்... சொல்லிக் குடுத்துட்டாளா?" என்றார். பிறகு விசிறியை எடுத்துக் கரியை விசிறிவிட்டு, மார்க்கெட் பக்கம் திரும்பி, குழறலாக, ஆனால் உரக்கக் கூப்பிட்டார்.

"சுடச்சுட!"