பன்னிரண்டு மணிக்கு வருகிற ஆள்

பிரெஞ்சு பேசுகிற அந்தக் குளிர்தேசத்து நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டைத் தமிழர்களுக்குள் ஞானேந்திரனுக்கு இரண்டு பெயர். கோயில் பதிவில் ஞானேந்திரன். முதுகுக்குப் பின்னால் ‘தவறணை ஞானம்’. மன்னாரிலிருந்து வந்து, இருபத்தாறு வருடம் ஒரே தவறணையில் பியர் ஊற்றிக் கொடுத்தவரை வேறு எப்படிச் சொல்வார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இத்தனைக்கும் அந்த மனிதர் ஒரு நாளும் தள்ளாடி வீடு வந்ததில்லை. விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்குத் திருநாள் வரைக்கும், தபசுக்காலம் முழுக்க, ஒரு துளி குடிக்க மாட்டார், ஒரு போத்தல் வாங்கவும் மாட்டார். மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது மட்டும் வேலையோடு வேலையாகப் போய்விடும்.

பழைய காலத்துத் தவறணை அது. அரை இருட்டு, மர மேசைகள், வினாகிரியில் ஊறும் முட்டைகள். கிளாஸ் சின்னது என்பதால் பியர் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் மேசைக்குப் போகும். காலை பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் கிழவர்கள் வந்து அவரவர் கதிரையில் உட்காருவார்கள். எல்லாரும் தனிக்கட்டைகள். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் ஒருவரின் கதிரை நிரம்பாவிட்டால், ஞானேந்திரன் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஆளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு வசவு விழும். அதைக் காது குளிரக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்தக் கிழவர்களில் ஒருவரான பற்றிக்கின் வீட்டில் ஒருமுறை வசவு விழவில்லை. வீட்டுக்காரனைக் கூட்டிவந்து கதவைத் திறந்து பார்த்தால், கிழவர் இடுப்பு உடைந்து குளியலறையில் கிடந்தார். இன்னும் ஒரு நாள் கழிந்திருந்தால் ஆள் முடிந்திருப்பார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்று முதல் பற்றிக் கடவுளை நம்பினாரோ இல்லையோ, அந்தப் பன்னிரண்டு மணியை நம்பினார்.

பிறகு கிழவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போனார்கள். இளசுகளுக்கு வெளிச்சமான இடமும் பழவாசம் அடிக்கிற பியரும் வேண்டியிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் ஆறு கதிரைகள்தான் நிரம்பின. கட்டிடம் கைமாறியது. முதலாளிக்கும் களைத்துவிட்டது. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தவறணையை மூடினார்கள்.

அன்று பற்றிக் தன் இரண்டு கிளாசையும் குடித்து முடித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். இனிப் பன்னிரண்டு மணிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் ஞானேந்திரனின் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. தவறணை இல்லாவிட்டாலும் நான் வருவேன், உன் கதவைத் தட்டுவேன் என்று ஞானேந்திரன் தன் உடைந்த பிரெஞ்சில் வாக்குக் கொடுத்தார். டெலிபோன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை. கதவைத் தட்டத் தெரிந்தவருக்கு நம்பர் எதற்கு?

ஞாயிறு பூசையோடு போனது. திங்கள் வேலை தேடுவதில் போனது. செவ்வாய்க்கிழமை ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. மறுநாள் விபூதிப் புதன்.

“இஞ்சருங்கோ, அந்தக் கிழவனைப் போய்ப் பாக்கேல்லையோ?” என்று மனைவி இமெல்டா கேட்டாள்.

“வெறுங்கையோட எப்பிடிப் போறது? அந்தாளுக்கு ரெண்டு போத்தல் பியராவது கொண்டுபோக வேண்டாமே? தபசுக்காலத்தில நான் வாங்கமாட்டன் எண்டு உமக்குத் தெரியுந்தானே. பாஸ்கு முடியட்டும்.”

“ஒரு துண்டு கேக்கைக் கொண்டுபோங்கோவன்.”

“கேக்கோ? அந்தாள் சிரிக்கும்.”

இருபத்தாறு வருடமாக அந்தக் கதவுகளை வெறுங்கையோடுதான் தட்டினோம் என்பது மனிதருக்கு நினைவுக்கே வரவில்லை. அப்போது போனது தவறணையின் ஆள். இப்போது விருந்தாளியாகப் போகிறாராம், மரியாதையாகப் போகவேண்டுமாம். நம்முடைய மரியாதையில் கொண்டுபோய் நெருப்பை வைக்க! சந்தையிலிருந்து பற்றிக் வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. பங்குனி முழுவதும் அவர் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்.

பாஸ்குவுக்கு மறுநாள் சந்தை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார். வெளிப்படியில் ஏறி, சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார். வசவு விழவில்லை. மறுபடி தட்டினார். கீழ் வீட்டிலிருந்து சிவநேசம் என்ற பெண் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“ஆரைத் தேடுறியள், அண்ணை?”

“பற்றிக்கை.”

“அந்தாள் செத்து மூண்டு கிழமையாச்சு. ஆறு நாள் உள்ளுக்கையே கிடந்திருக்கு. மணக்கத் தொடங்கினாப் பிறகுதான் பொலிசுக்குப் போன் அடிச்சனாங்கள்.”

ஞானேந்திரன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சத்தம் சலனம் இல்லாமல் போன ரெண்டாம் நாளே எனக்கு மனம் கேக்கேல்லை, அண்ணை. ஏறிப்போய்த் தட்டுவம் எண்டு வெளிக்கிட்டனான். பிறகு விட்டிட்டன். அந்தாள் முந்தியே சொல்லி வைச்சது. தான் பன்னிரண்டு மணிக்குள்ள வெளியில வராட்டி ஒருத்தர் வந்து தட்டுவாராம், நான் கரைச்சல்பட வேண்டாமாம். எங்கட தமிழாள்தானாம். சொன்னால் வாற மனிசனாம்.”

அவளுடைய கண் அவர் கையிலிருந்த போத்தல்களில் போய் நின்றது.

“அது நீங்களோ, அண்ணை?”

ஞானேந்திரன் போத்தல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சாகும்வரை இதைச் சுமக்கவேண்டும் என்று அந்தப் படியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இல்லை தங்கச்சி, அது வேற ஆள்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.