தொட்டி நிரம்பி வழிந்த மாலை

வீட்டில் தண்ணீர் இல்லை என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அப்போது மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. ஒருமுறை மேலே பார்த்தாள். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமியன்று மதியத்திலிருந்தே மலையைச் சுற்றுகிறவர்கள் வாசலைக் கடந்தபடி இருப்பார்கள். ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள்தான் எந்த வீட்டில் கழிவறை கேட்டால் திட்டு விழாது என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

என் மனைவி அன்று காலையிலேயே பின்பக்கக் கழிவறையைக் கழுவி, வாளியும் சோப்பும் வைப்பாள். கதவருகே ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் போட்டுவைப்பாள். செருப்பு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"வெறுங்கால்ல சுத்துறவங்க. அதே காலோட உள்ள போயிட்டு வந்து, திரும்ப மலையைப் பார்த்து நடக்கணும்னா மனசு கூசாதா?" என்றாள்.

நான் அவளைத் தடுத்ததில்லை. ஆனால் அவள் கோயிலுக்குப் போயிருக்கும்போது அழைப்புமணி அடித்தால், காதில் விழாததுபோல் செய்தித்தாளைப் புரட்டினேன். பிறகு கேட்டைத் தாழிடத் தொடங்கினேன். பிறகு, பெண்கள் யாரும் வீட்டில் இல்லை என்று சன்னல் வழியே சொல்லி அனுப்பினேன். புதிதாகப் போட்ட டைல்ஸ் அழுக்காகும் என்ற எரிச்சல்தான் காரணம்; வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. கழிவறை கேட்டு வந்த அந்தப் பெண்ணிடம் தண்ணீர் இல்லை என்று சொல்வதற்கு அன்று எனக்கு நாக்கு கூசவே இல்லை. அவ்வளவு பழகியிருந்தது.

சற்று நேரத்தில் கோயிலிலிருந்து திரும்பிய மனைவி, அதே பெண்ணைத் தோளில் தாங்கி அழைத்து வந்தாள். பக்கத்துக் காலி மனையில் ஒதுங்கப் போனவளின் உள்ளங்காலை பாட்டில் சில்லு கிழித்திருந்தது. மனைவி காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள்.

"எங்கம்மா உனக்கு ஊரு?"

"கீழ்பென்னாத்தூர்க்கா."

"அந்த முள்ளுக்குள்ள ஏன் போன? இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"தோணலக்கா. அவசரத்துல ஓடிட்டேன்."

கட்டுப் போட்ட பிறகும் காலில் ரத்தம் நிற்கவில்லை. அந்த நிலையிலும், முன்பின் தெரியாத ஒரு கிழவன் தன் மனைவி முன்னால் தலைகுனியக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. அதற்கு முன் எத்தனை பேரை அப்படி விட்டுக்கொடுக்காமல் இருந்து பழகியவளோ! நானும் பழகியிருந்தேன், வேறு விதமாக.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அவ பொய் சொல்றது தெரிஞ்சுது. யாருக்காகன்னுதான் தெரியல" என்றாள். அடுத்த பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போகும்போது, பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் பின்பக்கம் உட்காரவைத்துவிட்டுப் போனாள். நான் வீட்டில்தான் இருந்தேன்.

என் பிழையைச் சரிசெய்ய நினைத்தேன். 'பெண்கள் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று பலகை எழுதி மாட்டி, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருத்தியும் வரவில்லை.

மனைவி சிரித்தேவிட்டாள். "பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி வாசல்ல உக்காந்தா, எந்தப் பொம்பள உள்ள வருவா? எழுந்து வாங்க."

பலகையைக் கழற்றினேன். கழிவறை கழுவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆட்கள் வரும் நேரத்தில் மாடிக்குப் போய் மோட்டாரையும் தொட்டியையும் கவனித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பௌர்ணமி மாலை, கீழே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. இறங்கி வந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் குறும்பு.

"என்னங்க ஐயா, இன்னிக்காவது தண்ணி வருதுங்களா?"

"அன்னிக்கும் வந்துச்சும்மா. நான்தான் பொய் சொன்னேன். உன் கால் என்னாலதான் கிழிஞ்சுது. மன்னிச்சிடும்மா."

"அதான் சத்தம் கேட்டுச்சே! விடுங்க." உள்ளே எட்டிப் பார்த்தாள். "பளபளன்னு இருக்குதே. அக்கா வேலையா?"

"இவருதான்" என்றாள் மனைவி.

"பார்றா!" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்தக் காலை இன்னும் சற்றுச் சாய்த்துத்தான் ஊன்றினாள். அதை நான் எதைக் கொண்டும் கழுவ முடியாது.

அதற்கடுத்த பௌர்ணமியன்று பூக்கூடையுடன் கிளம்பிய மனைவி, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன். பார்த்துக்குங்க" என்றாள்.

கேட்டை அகலத் திறந்துவைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.