அடிக்குரல்காரர்

பாடிக்கொண்டிருந்த மனிதரை வலியில் முனகுகிறார் என்று நினைத்து நேர்ஸைக் கூப்பிட்ட மடையன் நான். கனடாவில், ஸ்காபரோ டயாலிசிஸ் நிலையத்தில் அவர் என் பக்கத்துக் கதிரைக்காரர். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மெசின் எங்கள் இரத்தத்தைக் கழுவி முடியும்வரை காதில் இயர்போனுடன் அடித்தொண்டையில் உறுமுவார்.

"முனகேல்லைத் தம்பி, பேஸ் பாடுறன், அடிக்குரல்."

இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அமெரிக்காவின் தென்பகுதியில் நான்கு ஆண்கள் நான்கு குரலில் பாடிய பழைய கிறிஸ்தவப் பாட்டு. தேவாரத்துக்கே தூங்கிவிடுகிற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உந்தப் பாட்டைத்தான் நாங்கள் நாலு பேர் மல்வேர்ன் சேர்ச்சில பாடினனாங்கள். ஒருத்தன் மூச்செடுக்கேக்க மற்றவன் தாங்குவான். மற்ற மூண்டு பேரும் செத்திட்டினம். இப்ப இயர்போனில பாடுற உவையோடதான் பாடுறன்."

துக்கக் கதை கேட்டால் பகிடி விடுவது என் வியாதி.

"மேல்குரலை நான் பாடட்டே, அண்ணை? கோயில்ல என்னை மைக்குக்குக் கிட்ட விடுறேல்லை. இஞ்ச எல்லாருக்கும் ஊசி குத்தியிருக்கு, ஒருத்தரும் எழும்பி ஓடேலாது."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் கையில் செருகியிருந்த குழாயைப் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி, இன்னொருத்தனையும் பறிகுடுக்கேலாது."