ஊதினால் தளரும் கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். இரண்டு வீடும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது. அந்தக் கோபத்தில் பெரும்பகுதி ஒரு வருஷம் முழுக்கக் களித்தட்டின் முன்னால்தான் செலவானது.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வீட்டுக்காரர் தக்காளியும் மஞ்சளும் வைப்பார். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். பொழுது சாய்ந்தால் எங்களுக்கு ராகிக் களிதான். களியை ஆறவிட்டுத் தின்றால் அது களியே இல்லை. ஆவி பறக்க உருண்டை பிடித்து வைத்து, நடுவில் குழி செய்து, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, ஊதி ஊதி மெல்லாமல் விழுங்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பேர் வைப்பதற்கு முன்னால் களி ஊட்டச் சொன்னாலும் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு படித்தாள். அவளுக்குக் களி பிடிக்காது. தட்டைப் பார்த்ததுமே முகம் சுருங்கும். இருந்தாலும் எனக்குப் பயந்து கையில் எடுப்பாள், ஊதுவாள், விழுங்குவாள், மறுபடி எடுத்து ஊதுவாள். அப்புறம் உருண்டை விரலிலிருந்து நழுவித் தட்டில் விழும். வலது கை மடியில் துவண்டு கிடக்கும். என்னடி ஆச்சு என்று கேட்டால் வாய் குழறும். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சரியாகிவிடும். சோறு போட்ட நாளில் இப்படி நடந்ததே இல்லை. வேறென்ன நினைக்கத் தோன்றும்? குழந்தை களிக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று வீடே முடிவு கட்டியது.

என் கொழுந்தனார் அதற்கு ஒரு பேரும் வைத்தார். "அண்ணி, பாப்பாவுக்குக் களி மயக்கம் வந்துருச்சுங்க, சோத்தத் தெளிச்சு எழுப்புங்க" என்பார். அவளே சிரித்துவிடுவாள். நான் அதட்டினால் அழுவாள். அழும்போதும் சில நாள் கை துவளும். பாருங்கள், அழுகையிலும் நடிப்பு என்று நாங்கள் இன்னும் உறுதியாக நம்பினோம். ஒருமுறை டாக்டரிடம் காட்டியதில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். ராகியைவிட என்ன சத்து என்று நான் இன்னும் பெரிய உருண்டையாகப் பிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஒகேனக்கல் போனோம். குளித்து முடித்ததும் அகோரப் பசி. கடையில் மீனைக் கல்லிலிருந்து எடுத்து நேரே தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மீன் என்றால் என் மகளுக்கு உயிர். முள்ளைக்கூட விடமாட்டாள். துண்டைக் கையில் எடுத்து, சுடுகிறதே என்று வேகவேகமாக ஊதினாள். மீன் மணலில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள், "ப்பா" என்பது "ழ்ழா" என்று வந்தது. ஒரு நாய் வந்து மீனைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இந்தப் பெண் களி வேண்டாமென்று நடிப்பாள். மீன் வேண்டாமென்று சத்தியமாக நடிக்க மாட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் களிக்கும் மீனுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சோற்றை நான் தட்டில் பரப்பி ஆறவைத்துத்தான் போடுவேன் என்பது நினைவுக்கு வந்தபோது வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

மறுநாள் சேலத்தில் குழந்தைகளின் நரம்பு டாக்டரிடம் போனோம். அந்த அம்மா எழுதிக்கொண்டே கேட்டார், நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "சூடானத ஊதுனா வருதுங்க, தேம்பித் தேம்பி அழுதாலும் வருதுங்க" என்றேன். பேனா நின்றது.

"ஊதும்போதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆமாங்க. ஆறுன சோத்துக்கு வரதில்லீங்க."

அவர் என் மகளை அருகில் அழைத்து, தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். பிறகு எங்களிடம், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ரத்தக்குழாய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். "அதுவரைக்கும் ஊதற மாதிரி எதையும் கையில குடுக்காதீங்க. அழ வுடாதீங்க" என்றும் சொன்னார். அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு மருந்துச்சீட்டு கொடுத்ததில்லை.

ஸ்கேன் அறைக்குள் குழந்தைக்குத் துணையாக ஒருவர் போகலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தோடு, வளையல், கொலுசு எல்லாம் கழற்றினேன். தாலிச் சங்கிலியில் கை வைத்தபோது வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. கல்யாணமான நாளிலிருந்து அது கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. "ஏங்க, எதுத்தாப்புல நீங்கதான குத்துக்கல்லாட்டம் நிக்கறீங்க, புடிங்க" என்று அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் அதைச் சட்டைப்பையில்கூடப் போடாமல் உள்ளங்கையிலேயே மூடி வைத்திருந்தார் என்று கூட வந்திருந்த கொழுந்தனார் பிறகு சொன்னார்.

குகை மாதிரி ஒரு மெஷின். மகளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள், வெளியே தெரிந்த பாதத்தை நான் பிடித்துக்கொண்டேன். சத்தம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் போர் போடும் வண்டி வந்து நின்றால் பாறையைத் தொடும்போது வருமே, அந்தச் சத்தம். மகள் அசையாமல் கிடந்தாள். சத்தம் போடத்தான் நமக்குத் தெரியும், இப்படிச் சும்மா இருக்க இவள் யாரிடம் கற்றாள் என்று எனக்குப் பெருமையாகவும் அழுகையாகவும் இருந்தது. வெளியே வந்ததும், "எந்தலைக்குள்ள தண்ணி கெடச்சுதாம்மா?" என்று கேட்டாள்.

அன்று மாலை டாக்டர் எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். இருட்டில் வெள்ளைக் கோடுகளாக ஒரு படம். இது உங்கள் மகளின் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் என்றார். பத்து மாதம் சுமந்து, எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, கோபத்தில் குட்டியும் வைத்த தலை. அதற்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, கத்தி படாமல், ஒரு சொட்டு ரத்தம் வராமல் அதைப் பார்க்கிறேன் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. சாமி சிலைக்குத் திரை விலக்கும்போது கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்தது. வெட்கமாக இருந்ததால் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டேன்.

கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் இரண்டு பெரிய குழாய்களும் உள்ளே போன இடத்தில் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன. வெள்ளைக் கோடு மெலிந்து மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமலே போனது. அந்த இடத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஏதோ மங்கலாக இருந்தது. அணைத்த ஊதுபத்தியிலிருந்து சுருளுமே, அது மாதிரி. அந்தப் புகையைத்தான் டாக்டர் காட்டினார். அது முழுக்க மெல்லிய ரத்தக்குழாய்கள் என்றார். பெரிய வழி அடைபடத் தொடங்கியதும் உடம்பு தானாகவே ஆயிரம் சின்ன வழி போட்டிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போனபோதும், என்னிடம் திட்டு வாங்கியபோதும், உள்ளே அந்த வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

"ஒகேனக்கல்ல பாறை மறிச்சா ஆறு சந்து சந்தாப் பிரிஞ்சு போவுதே, அப்படிங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அதே மாதிரிதாங்க. ஆனா இந்தச் சந்தெல்லாம் ரொம்ப மெல்லிசு. ரொம்ப நாளைக்குத் தாங்காது."

வேகமாக ஊதினாலோ அழுதாலோ ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைந்து, குழாய்கள் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அந்த நேரம் மூளையின் இடது பக்கம் பட்டினி கிடக்கும், வலது கை தளரும், பேச்சு குழறும் என்று விளக்கினார். மிக அரிதான நோய், இதன் பேரே ஜப்பான் மொழியில் புகையைக் குறிப்பது என்றார். இத்தனை நாள் தளர்ந்த கை திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒருநாள் திரும்பி வராமல் போகலாம், பேச்சும் கூடப் போகலாம் என்று அவர் சொன்னபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் மகள் வலது கையால் காற்றில் படம் வரைந்துகொண்டிருந்தது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொம்மிடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். அங்கே செய்தது இன்னும் அதிசயம். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாயை எடுத்து, மூளையின் மேல் சும்மா படுக்கவைத்தார்கள். தையல் போட்டு இணைக்கவில்லை. பசித்த மூளை அதிலிருந்து தனக்கு வேண்டிய கிளைகளைத் தானே இழுத்துக்கொள்ளும், அதற்குப் பல மாதம் ஆகும் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். இடது பக்கம் முதலில், இடைவெளி விட்டு வலது பக்கம். நான் தையல்காரி. ஒட்டுத்துணியை மேலே வைத்தால் அதுவாகவே தைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரே சட்டம்: குழந்தை அழக் கூடாது, சூடானதை ஊதக் கூடாது. எங்கள் வீட்டு அடுப்பில் களி கிண்டும் துடுப்புக்கு வேலை குறைந்தது. என் வாய்க்கு வேலையே இல்லாமல் போனது. கண்ணு, தங்கம் என்று நான் பேசப் பேச, என் மகள் ராணியாகிவிட்டாள். வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால் உதட்டைப் பிதுக்கினால் போதும், நான் பின்வாங்கிவிடுவேன். "அண்ணிக்கு வாய்ப்பூட்டு போட ஒரு ஜப்பான்காரன் வர வேண்டியிருந்துச்சு" என்றார் கொழுந்தனார். அவரைத் திட்டித் தீர்த்ததில்தான் எனக்கு உயிர் தரித்தது. மற்ற நேரமெல்லாம் பயம். அவள் விக்கினாலும் கையைப் பார்ப்பேன், தும்மினாலும் கையைப் பார்ப்பேன்.

மாதங்கள் போயின. மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மறுபடி தாலிச் சங்கிலி அவர் கையில். இந்தமுறை சென்னை டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் இருட்டாகக் கிடந்த இடத்தில் புதியதில் வெள்ளைக் கிளைகள். படுக்கவைத்த அந்த ஒற்றைக் குழாய் பருத்து, பிரிந்து, மேலும் பிரிந்து மூளை மேல் படர்ந்திருந்தது. புகை குறைந்திருந்தது. இனி தேவையில்லை என்று உடம்பு அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்கிறது என்றார். மாத்திரையை விடக் கூடாது, வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும், மற்றபடி எல்லாக் குழந்தைகளையும்போல இருக்கட்டும் என்றார். "ஊதலாமாங்க?" என்று கேட்டேன். ஊதலாம் என்றார்.

அன்றைக்கு மறுநாள் களி கிண்டினேன். ஆவி பறக்கும் உருண்டையை அவள் தட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்சம் பிய்த்து எடுத்தாள். ஊதினாள். மறுபடி ஊதினாள். குழம்பில் தோய்த்து வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "எனக்குக் களி வேணாம், சோறு போடு" என்று தெளிவாகச் சொன்னாள்.

எத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்ததோ, எனக்குள்ளிருந்து கிளம்பி வந்துவிட்டது. "சோறாம் சோறு, மரியாதையாத் தின்னுடி" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அவள் ஆடிப்போய்விட்டாள். முகம் கோணி, வாய் பிளந்து, வீடு அதிர ஓவென்று அழுதாள். தேம்பித் தேம்பி, மூச்சு வாங்கி வாங்கி அழுதாள். வீட்டுக்காரர் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். நாங்கள் இருவரும் சமாதானம் செய்யப் போகவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுகை குறைவதாக இல்லை. களி அப்பிய வலது கையைத் தூக்கி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.