கொதிக்காத தண்ணீர்

வேலணையில் வெள்ளம் வடிந்ததும் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வீடுவீடாக வந்தார். "வெள்ளத் தண்ணி கிணத்துக்குள்ள இறங்கீட்டுது. கொதிக்க வைச்சுத்தான் குடிக்கவேணும்," என்றார். விறகெல்லாம் நனைந்திருந்தது. ஊதி ஊதி, ஒரு பானைத் தண்ணீரைத்தான் என்னால் கொதிக்க வைக்க முடிந்தது. அதை என் பிள்ளைகளுக்கென்று குசினிக்குள் மூடி வைத்தேன்.

கடற்கரையில் குடிசையை இழந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன் மகளோடு எங்கள் விறாந்தையில் தங்கியிருந்தாள். மத்தியானம் மகளுக்குத் தண்ணீர் கேட்டாள். கிணற்றில் அப்போதுதான் அள்ளிய தண்ணீரைச் செம்பில் கொடுத்தேன்.

"கொதிச்ச தண்ணிதானே, அக்கா?"

"ஓம்," என்றேன்.

மறுநாள் அந்தச் சிறுமிக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் கண்டன. என் கணவர் ஒரு வாகனம் பிடித்து, இருவரையும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஐந்து நாள் கழித்துச் சிறுமி மெலிந்து, கண் குழிந்து, உயிரோடு திரும்பினாள்.

தாய் என் கையைப் பிடித்து அழுதாள். "நான்தான் இவளை வெள்ளத்துக்குள்ள விளையாட விட்டனான். பிழை என்ரைதான், அக்கா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அழாதையும், பிள்ளை தப்பீட்டாள்தானே," என்று அவளைத் தேற்றினேன். அந்த மாதமே அவர்கள் எழுவைதீவிலிருந்த உறவினரிடம் போய்விட்டார்கள். பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டே அவள் வள்ளம் ஏறினாள்.